ஐந்தரைக் கட்டை

தஞ்சாவூர்
செப்டம்பர் 3

அறிவு,

போனில் உன் எண்ணை பிளாக் செய்திருக்கிறேன். அதை எடுக்கப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக்கோடு விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உனக்காகக் காத்திருந்தது போதும். அதனால்தான் மெயில். நிதானமாகப் படி, நிதானமாகப் பதில் எழுது. பொய் மட்டும் எழுதாதே.

நவம்பரில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தானே விமானம் ஏறினாய்? இப்போது பிப்ரவரி என்கிறாயாம். எனக்கு இதைச் சொன்னது பக்கிரி அண்ணன். மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டே, பஸ் கொஞ்சம் லேட்டு என்பது போலச் சொன்னார். "தம்பிக்கு அங்க இன்னும் ரெண்டு நாடு பாக்கி இருக்காம் பாப்பா." பதினோரு வருடமாக என் இடப்பக்கம் உட்கார்ந்து வயலின் வாசித்தவன், என்னிடம் சொல்ல வேண்டியதை வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லி அனுப்புகிறான்.

சரி, செய்தியைக் கேள். டிசம்பர் 21, சென்னைச் சபாவில் நமக்கு மாலைக் கச்சேரி. மாலை, அறிவு! மத்தியானம் கேன்டீனில் இலை போடுகிற நேரத்தில், முன்வரிசையில் தூங்குகிறவர்களுக்குப் பாடிய காலம் முடிந்தது. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு "இனி ஜஸீலாவுக்கு மேல்ஸ்தாயி அவ்வளவுதான்" என்று பேசினார்களே, அவர்கள் எல்லோரும் டிக்கெட் எடுத்து வருவார்கள். எங்கே உடைகிறது என்று பார்க்கத்தான் வருவார்கள். அவர்கள் முன்னால் என் பழைய சுருதியில், அதே ஐந்தரைக் கட்டையில் உட்கார்ந்து பாட வேண்டும். இதைவிட எனக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

நீ வரவில்லை என்றால் மன்னார்குடி குந்தவை வாசிப்பாள். நல்ல பெண், நல்ல கை. ஆனால் நான் எங்கே மூச்சு வாங்குவேன் என்று அவளுக்குத் தெரியாது.

வருகிறாயா, இல்லையா? ஒரே வரியில் சொல்.

ஜஸீலா


லிஸ்பன்
செப்டம்பர் 9

ஜஸீலா,

ஒரே வரியில் சொல்லத்தான் பார்த்தேன். வரவில்லை.

வர முடியவில்லை. எட்டு நாட்டுத் தந்திவாத்தியக்காரர்களை ஒன்றாகச் சேர்த்து, ஊர் ஊராகக் கூட்டிப்போய், அந்தந்த ஊர்ச் சங்கீதத்தைக் கேட்கவும் வாசிக்கவும் வைக்கிறார்கள். இது எனக்கு மறுபடி கிடைக்காது. இதை நீ நம்பமாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன்.

முதல் நாள் எங்களை வட்டமாக உட்காரவைத்து, "இந்தியாக்காரர் தொடங்கட்டும்" என்றார்கள். வில்லைத் தந்தியில் வைத்தேன். ஒன்றும் வரவில்லை. யாராவது பாடுவார்கள் என்று காத்திருந்தேன். கடைசியில் அயர்லாந்துக்காரி ஒருத்தி ஒரு மெட்டைத் தொடங்கினாள். அவள் முடிப்பதற்குள் அதே மெட்டைப் பின்னாலேயே வாசித்துக் காட்டினேன். நம் மேடையில் அதுதானே மரியாதை? பாடகி ஒரு பிடி பிடித்தால் அதை அப்படியே வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் வில்லைக் கீழே வைத்துவிட்டு, "என்னைக் கேலி பண்ணுகிறாயா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அறைக்கு வந்தபிறகுதான் உறைத்தது. முப்பத்தாறு வயதில், முன்னால் ஒரு ஆள் இல்லாமல் எனக்கு ஒரு பாட்டைத் தொடங்கத் தெரியவில்லை.

மாலைக் கச்சேரிக்கு ரொம்ப சந்தோஷம். நிஜமாகவே.

ஒரே ஒரு விஷயம். நம் பழைய சுருதிப் பெட்டியையே வைத்துக்கொள். போன் ஆப் எல்லாம் வேண்டாம். அந்தப் பெட்டியின் நாதம் உன் காதுக்குப் பழகிவிட்டது. கட்டையை மாற்றும் திருகைத் தொட வேண்டாம் என்று குந்தவையிடமும் சொல்லிவிடு.

அறிவு


தஞ்சாவூர்
செப்டம்பர் 27

அறிவு,

உன் கடிதத்தில் எனக்கு நாலு வரி, பெட்டிக்கு நாலு வரி. பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கலாம் நீ.

அந்தப் பெட்டிக்குத்தான் இப்போது கேடு. நேற்று ஒத்திகையில் குந்தவை தந்தியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "அக்கா, தந்தி தொங்குது. பெட்டியில எத்தன கட்ட வச்சிருக்கீங்க?" திருகின் முள் ஐந்தரையில்தான் நிற்கிறது, பார் என்றேன். அவள் தன் போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இல்லையே, கம்மியா காட்டுது. பழசாயிடுச்சுக்கா" என்றாள். பக்கிரி அண்ணன் எழுந்து வெற்றிலை துப்பப் போய்விட்டார். திரும்பி வந்து, மழை வரும்போல இருக்கிறது என்று ஒத்திகையையே முடித்துவிட்டார்.

பத்து வருடப் பெட்டி. அதுவும் மனிதன் மாதிரிதானே, களைத்துப்போயிருக்கும். ஐந்தாம் தேதி கும்பகோணத்தில் ஒரு கோயில் விழாக் கச்சேரி. குந்தவையின் ஆப்பை வைத்துத்தான் பாடப்போகிறேன். டிசம்பருக்கு அதை ஒரு வெள்ளோட்டமாக வைத்துக்கொள்கிறேன்.

அயர்லாந்துக்காரியிடம் நான் விசாரித்ததாகச் சொல். ஒரு மெட்டுக்கே கோபம் வந்தால், பதினோரு வருடம் எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்க வேண்டும்!

ஜஸீலா


டூனிஸ்
அக்டோபர் 1

ஜஸீலா,

அவசரமாக எழுதுகிறேன். கும்பகோணத்தில் பழைய பெட்டியை வைத்தே பாடு. பெட்டி காலாவதியாகிவிட்டது என்று யார் சொன்னாலும் கேட்காதே. முடியாது என்றால் தொண்டை சரியில்லை என்று சொல்லிக் கச்சேரியை விட்டுவிடு.

காரணத்தை நேரில் சொல்கிறேன். இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள். பக்கிரி அண்ணனும் போனை எடுக்கமாட்டேன் என்கிறார்.

அறிவு


தஞ்சாவூர்
அக்டோபர் 12

திரு. அறிவுச்செல்வன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கச்சேரி முடிந்த மறுநாள்தான் திறந்து பார்த்தேன்.

டாக்டர் இரண்டு வாரத்துக்குப் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். குரல்நாண் வீங்கியிருக்கிறதாம். இன்னொரு தடவை இப்படிக் கட்டாயப்படுத்தினால் குரல் திரும்பாது என்றார். ஆகவே சண்டை போடக்கூட எனக்கு வாய் இல்லை. தாங்கள் அதிர்ஷ்டசாலி.

கும்பகோணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணி ஆலாபனை. கீழே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மேல் ஸட்ஜமத்தைத் தாண்டியதும் கழுத்தில் யாரோ கை வைத்தது போல இருந்தது. இன்னும் மேலே காந்தாரத்தில் நிற்கப் போனேன். குரல் இரண்டாகக் கிழிந்தது. கிழிந்த சத்தம் மைக்கில் போய்க் கோயில் பிரகாரம் முழுக்கக் கேட்டது. குந்தவை பாவம், வில்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். பக்கிரி அண்ணன் மட்டும் குனிந்தே இருந்தார். யாரோ அந்தக் கிழிசலை மட்டும் வெட்டி எடுத்து வீடியோவாகப் போட்டிருக்கிறார்கள். ஊரே பார்த்துவிட்டது.

ஜாஃபர் மச்சான் அந்தப் பழைய பெட்டியைத் தன் செல்போன் கடைக்கு எடுத்துப்போனார், கட்டிய மனைவிக்கு ஓசியில் ரிப்பேர் செய்து தருகிறேன் என்று. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். முகமே சரியில்லை. "இதுல ஒரு ரிப்பேரும் இல்ல ஜஸீ. திருகோட மூடியக் கழட்டி, திருப்பி வச்சு, பசை போட்டு ஒட்டியிருக்காங்க. முள்ளு அஞ்சரையக் காட்டும். சத்தம் நாலரைதான் வரும்."

பக்கிரி அண்ணனை வீட்டுக்கு வரச்சொன்னேன். என்னால் பேச முடியாதே, பெட்டியையும் கழன்ற மூடியையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். "தம்பிதான் சொன்னாரு பாப்பா. ஒன் மனசு ஒடைஞ்சிடக்கூடாதுன்னு சொன்னாரு." போன வருடம் தோல் போய்விட்டது என்று சொல்லி அவர் புது மிருதங்கம் வாங்கினாரே, அது நாலரைக்கு வாங்கியதாம். பழைய பதிவுகளைக் கேட்காதே, மனசு கெடும் என்று தாங்கள் எனக்குச் சொன்ன அறிவுரையும் இப்போதுதான் புரிகிறது.

இரண்டு வருடம். இந்தப் பக்கம் இருந்தவருக்குத் தெரியும். அந்தப் பக்கம் இருந்தவருக்கும் தெரியும். நடுவில் உட்கார்ந்து, குரல் திரும்பிவிட்டது என்று ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் தொழுது நன்றி சொன்ன முட்டாளுக்குத்தான் தெரியாது.

என் மனசு உடையக்கூடாது என்றா செய்தீர்கள்? நான் பாடாவிட்டால் உங்களை யார் கூப்பிடுவார்கள் என்றுதான் செய்தீர்கள். பதில் எழுத வேண்டாம்.

ஜஸீலா பேகம்


டூனிஸ்
அக்டோபர் 15

ஜஸீலா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். நீ படிக்காமல் அழித்துவிடலாம்.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். உன் வீட்டுக் கூடத்தில் மேல் ஸட்ஜமத்துக்கு முயற்சி செய்தாய், செய்தாய், வரவே இல்லை. "அவ்வளவுதான் அறிவு, முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாய். அழுகைச் சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டாய். எனக்குக் கேட்டது. அந்த நேரத்தில்தான் மூடியைக் கழற்றினேன். ஒரு அரைக் கட்டை, ஒரு வாரத்துக்கு மட்டும் என்று நினைத்தேன். நீ திரும்பி வந்து பாடினாய். எட்டிவிட்டது. நீ சிரித்த சிரிப்பில் ஜாஃபர் அண்ணன் மாடியிலிருந்து ஓடிவந்தார். அதை உன்னிடமிருந்து திரும்ப எப்படி வாங்குவது? சொல். ஆறு மாதம் கழித்து நீ மறுபடி திணறினாய். இன்னொரு அரை இறக்கினேன்.

பிழைப்புக்காகச் செய்தாய் என்கிறாய். ஆமாம், அதுவும்தான். ரெத்தினம் மகன் நான் வயலினைத் தூக்கிக்கொண்டு போனால் எந்தப் பாடகர் பக்கத்தில் உட்காரவைத்தார்? அப்பா யார் வயலில் கூலிக்குப் போனார், அம்மா யார் வீட்டுக் கொல்லையில் நெல் அவித்தாள் என்று விசாரித்துவிட்டு, அப்புறம் சொல்லி அனுப்புகிறேன் என்றார்கள். நீ மட்டும்தான் ஒன்றும் கேட்காமல் "உக்காரு, சுருதி சேர்" என்றாய். அதற்காகவும் செய்தேன். உனக்காகச் செய்ததையும் எனக்காகச் செய்ததையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

மாலைக் கச்சேரி வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோதே பயம் வந்துவிட்டது. காது உள்ளவர்கள் வருவார்கள், யாராவது கட்டையைக் கண்டுபிடிப்பார்கள். பொய்யோடு உன் பக்கத்தில் உட்காரவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. இந்த அழைப்பு வந்ததும் விமானம் ஏறிவிட்டேன். அதுதான் நிஜம்.

லிஸ்பனில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடைக்குப் போனோம். அங்கே பாடும் அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். கிதார்க்காரர் எல்லோர் முன்னாலும் சத்தமாகவே கேட்டார், இன்றைக்குச் சுருதியை எங்கே வைக்கட்டும் என்று. அந்த அம்மாள் உள்ளங்கையைக் கீழே காட்டினார். கிதார்க்காரர் இறக்கினார். மறுபடி கீழே காட்டினார். மறுபடி இறக்கினார். யாரும் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டு ஆரம்பித்ததும்தான் எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். நான் வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன், ஜஸீலா. அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

நாலரையில் பாடு. உன் குரல் அங்கே எவ்வளவு அழகாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொன்னால் டிசம்பருக்கு வந்துவிடுகிறேன்.

அறிவு


தஞ்சாவூர்
நவம்பர் 26

அறிவு,

படித்தேன். உடனே எழுதியிருந்தால் இன்னும் மோசமாக எழுதியிருப்பேன்.

நான்கு நாளாக விடாத மழை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் சம்பா எல்லாம் தண்ணீரில் நிற்கிறது என்று கேட்டு, நானும் மச்சானும் நேற்று உன் வீட்டுக்குப் போனோம். உன் அப்பா இடுப்பளவு தண்ணீரில் வரப்பை வெட்டி வடியவிட்டுக்கொண்டிருந்தார். பாதிப் பயிர் தப்பிக்கும் என்கிறார். உன் அம்மா எனக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்துவிட்டு, "அறிவு ஒன்கூடப் பேசுறானா பாப்பா? எங்ககிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறான்" என்றார்கள். பேசுகிறான் என்றேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

உன் லிஸ்பன் அம்மாளைப் பற்றி யோசித்தேன். நீ அழுததில் ஒரு தப்பு இருக்கிறது. அந்த அம்மாளுக்குச் சுருதியை இறக்கினார்கள் என்றா அழுதாய்? அந்த அம்மாளிடம் கேட்டார்கள், அறிவு. என்னிடம் நீ கேட்கவில்லை. நீ கேட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன், பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன், ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் இறக்கியிருப்பேன். அந்த ஒரு மாதத்துக்குப் பயந்துதான் இரண்டு வருடத்தைத் திருடிக்கொண்டாய்.

சபாவிலிருந்து போன் வந்தது. வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். "உடம்பு முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆர்ட்டிஸ்ட் ரெடியா இருக்காங்க" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள். குந்தவை நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், "அக்கா, ஆப்ல நாலரை வச்சிடுவோம், யாருக்குத் தெரியப்போவுது" என்று. அவளை நான் பார்த்த பார்வையில் வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டாள். டாக்டர் ஐந்தரை வேண்டவே வேண்டாம் என்கிறார். ஐந்தரையில் பாடினால் குரல் போகும். நாலரையில் ஒளிந்துகொண்டு பாடினால் நீ செய்ததையே நானும் செய்கிறேன். இரண்டு பக்கமும் அடி.

சபாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிப் பாடப்போகிறேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன். நீ வராதே. பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் தாங்கிப்பிடிக்க ஒரு ஆள் இருந்தால் நான் மறுபடி உன்னையே நம்பிவிடுவேன்.

ஜஸீலா


ஜார்ஜியா, மலைக்கிராமம் ஒன்று
டிசம்பர் 10

ஜஸீலா,

நீ சொன்னது சரி. கேட்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் சமாதானம் சொல்வது போல ஆகிவிடும்.

இங்கே வாத்தியமே கிடையாது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று குரலில் பாடுகிறார்கள். சுருதி சேர்ப்பது, யார் முதலில் என்று கண்ஜாடை காட்டுவது, எதுவும் இல்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் சட்டென்று தொடங்குகிறார், மற்றவர்கள் அவர் எடுத்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். நேற்று என் பக்கம் திரும்பினார்கள். மறுபடியும் வில்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். கடைசியில் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டிவிட்டு அவரே பாடினார். இத்தனை ஊர் சுற்றியும் எனக்குத் தொடங்க வரவில்லை.

21-ஆம் தேதி நீ பாடும் நேரம் இங்கே மத்தியானமாக இருக்கும். நான் எங்கேயும் போகமாட்டேன்.

அறிவு


தஞ்சாவூர்
டிசம்பர் 23

அறிவு,

நேற்றுக் காலை ரயிலில் வந்து சேர்ந்தோம். தொண்டை நன்றாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மேடையில் பழைய பெட்டியைத்தான் வைத்தேன். மூடி இல்லாமல். மூடி இருந்த இடத்தில் மொட்டைக் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. திரை விலகியதும் மைக்கை இழுத்து, "ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்குப் பழைய கட்டை கிடையாது. இன்னைக்கு எது வருதோ அதுல பாடுறேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றேன். கூடத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

கம்பியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். ஸா என்றேன். இன்னும் கொஞ்சம் இறக்கினேன். மறுபடி ஸா. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என் குரல் இங்கே என்று சொன்ன இடத்தில் விட்டேன். குந்தவை என்னைப் பார்த்துத் தந்தியைச் சேர்த்தாள். பக்கிரி அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? நான் எங்கே நிற்பேன் என்று தெரியாமல் மூன்று மிருதங்கம் கொண்டுவந்திருந்தார். கிழவர் மூன்றையும் ரயிலில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒன்றைத் தட்டிப் பார்த்து, இன்னொன்றை எடுத்து, அதையும் கல்லால் தட்டிச் சேர்த்துவிட்டுத் தலையாட்டினார். அவரை மன்னித்துவிட்டேன். உனக்கு இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்.

கல்யாணிதான் பாடினேன். கும்பகோணத்தில் கிழிந்த அதே காந்தாரத்தில் போய் நின்றேன். நின்றேன், அறிவு. ரொம்ப நேரம் நின்றேன். இந்தத் தடவை அது எனக்கு வந்த காந்தாரம், யாரும் கொடுத்தது இல்லை. சிரித்தவர் கைதட்டினாரா என்று தெரியாது, நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கச்சேரி முடிந்ததும் ஒரு அம்மாள் வந்து, எத்தனை கட்டை என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். குந்தவை போனை எடுத்துப் பார்க்கப் போனாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் இடம் குந்தவைக்குப் போய்விட்டது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் மூச்சு வாங்கும் இடம் இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

பிப்ரவரியில் அறுப்பு முடிந்திருக்கும். வந்து இறங்கியதும் வீட்டுக்கு வா. மச்சான் பிரியாணி போடுவார், பக்கிரி அண்ணன் வருவார். பெட்டியை நான்தான் வைப்பேன், நீ அதன் பக்கம் கையை நீட்டக்கூடாது. வைத்துவிட்டு ஒன்றும் பாடாமல் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் வரை ஆனாலும் சரி, மறுநாள் ஆனாலும் சரி, எனக்கு அவசரமில்லை.

நீ தொடங்கு. நான் பின்னால் வருகிறேன்.

ஜஸீலா